பெர்செனின் மூக்கில் விழுந்த விரிசல்

வெர்கா தூக்கத்திலும் பேசுவான். பகல் முழுக்கப் பேசித் தீராதது ராத்திரிக்கும் மிச்சமிருக்கும் என்பாள் அவன் மனைவி நுபெட். பகலில் அவன் பேசியதில் முக்கால்வாசியைக் கேட்டவன் நான். என் பெயர் ஜென்டி. மன்னருடைய பிரமிடின் உள்ளறைகளில் அவன் பூச்சு வேலை செய்தான், நான் அவனுக்குச் சாந்து குழைத்துக் கொடுத்தேன். பத்தொன்பது வெள்ளக்காலம் ஒன்றாக வேலை பார்த்திருக்கிறோம்.

அவனுக்குச் சொந்த ஊர் ஆறு கடலில் கலக்கும் சதுப்புநாடு. மீன் பிடிக்கிற குடும்பம். ஒரு வருடம் வெள்ளம் ஏறி வயலெல்லாம் தண்ணீருக்குள் போனதும், வழக்கம்போல அரண்மனை ஆட்கள் படகில் வந்து, சும்மா உட்கார்ந்திருந்த ஆண்களை எண்ணி ஏற்றிக்கொண்டார்கள். அதில் இவனும் ஒருவன். முதலில் கல் இழுக்கிற கூட்டத்தில்தான் போட்டார்கள். இருபது பேர் ஒரு கயிறு. மூன்றாம் நாள் கல் ஏற்றுகிற மண்சாய்வின் பாதி வழியில், தன் மாமன் மிதந்து வந்த கட்டையை முதலை என்று நினைத்துக் கும்பிட்ட கதையை எடுத்துவிட்டிருக்கிறான். கயிற்றைப் பிடித்திருந்த அத்தனை பேருக்கும் சிரித்துச் சிரித்துக் கையில் பலம் போய்விட்டது. கல் ஏற்றிய மரச்சறுக்கு வந்த வழியே கீழே போனது. நல்லவேளை, பின்னால் யாருமில்லை. வெர்காவுக்கு மட்டும் காறை எலும்பு முறிந்தது. மேஸ்திரி அவனைக் கயிறு இருக்கிற இடத்திலேயே நிற்க விடக் கூடாது என்று சொல்லி, பூச்சுக்காரர்களிடம் தள்ளிவிட்டார்.

அங்கே அவனுக்குப் பிடித்துப்போனது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் மெல்லிய சாந்து ஊற்றுவது, இடுக்குகளை அடைப்பது, சுவரை வழவழப்பாக்குவது. கை ஓடிக்கொண்டிருக்க வாய் தன்பாட்டுக்கு ஓடலாம். கல்லில் அடையாளம் எழுத வைத்திருந்த செங்காவியில் மிஞ்சியதை எடுத்துக்கொண்டு, ஈரப் பூச்சின்மேல் படம் போடவும் பழகினான். எந்தப் பள்ளியிலும் படித்தவனில்லை. ஆனால் நான்கு கோட்டில் ஆளைக் கொண்டுவந்து நிறுத்திவிடுவான். எங்கள் மேஸ்திரியைக் குரங்காகவும் தானியக் கிடங்கு எழுத்தரை நத்தையாகவும் போட்டிருக்கிறான். சம்பந்தப்பட்டவர்கள் வருவதற்குள் நான் சாந்து பூசுகிற கரணையால் தேய்த்து அழித்துவிடுவேன். அதுவும் என் வேலைகளில் ஒன்று.

நுபெட்டை அவன் கட்டிக்கொண்டதும் இந்தப் படத்தால்தான். வேலையாட்கள் குடியிருப்பில் அவள் அப்பா பீர் காய்ச்சிக்கொண்டிருந்தார். அவருடைய பெரிய தொட்டி ஒழுகியது. அடைக்கப் போனவன் அடைத்துவிட்டு, அடைத்த இடத்தில் கொட்டாவி விடுகிற நீர்யானை ஒன்றைப் போட்டுவிட்டு வந்தான். பீர் வாங்க வந்தவர்கள் ஒவ்வொருவராக நீர்யானையைப் பார்த்தார்கள், பிறகு அவரைப் பார்த்தார்கள், பிறகு ஜாடியைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். மாமனார் துடுப்புக்கட்டையைத் தூக்கிக்கொண்டு அவனைத் தெருத் தெருவாகத் துரத்தினார். நுபெட் பின்னாலேயே ஓடினாள், அப்பாவைப் பிடிக்க என்று சொல்லிக்கொண்டு.

“நான் சிரிச்சு முடிக்கிறதுக்குள்ள கல்யாணமே முடிஞ்சிருச்சு” என்பாள் பிற்பாடு. “அப்புறந்தான் அழுறதுக்கு நேரம் கிடைச்சுச்சு.”

அப்போது நாங்கள் கட்டிக்கொண்டிருந்த பிரமிடைப் போல் செங்குத்தானதை யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை. படகில் போகிறவர்கள் தலைத்துணியைக் கையால் பிடித்துக்கொண்டுதான் அண்ணாந்து பார்ப்பார்கள். சுற்றுச்சுவரும், பக்கத்தில் சிறிய பிரமிடும், கிழக்கே படையல் கோயிலும், அங்கிருந்து கீழே பள்ளத்தாக்குவரை போகிற கல்பாவிய நடைபாதையும் வரப்போவதாகச் சொன்னார்கள். எல்லாம் தயாரானபின் மன்னர் வந்து நிம்மதியாகப் படுக்க வேண்டியதுதான். ஒரே ஒரு குறை. இத்தனையும் நின்ற இடத்தில் அடியில் பாறை கிடையாது, சரளையும் களிமண்ணும். அஸ்திவாரம் தோண்டியவர்களுக்கு அது தெரியும். தெரிந்ததை அவர்கள் பீர் குடிக்கிற இடத்தில் மட்டும் சொன்னார்கள்.

உள்ளே சரிவான குறுகிய வழியில் குனிந்தபடி இறங்கிப் போனால் அடியில் உயரமான அறை. சுவர்கள் மேலே போகப் போகப் படிப்படியாக உள்ளே நெருங்கி உச்சியில் ஒன்றையொன்று தொடும். புகை வராமலிருக்க எண்ணெயில் உப்புப் போட்ட விளக்கு எரியும். அந்த அறையில்தான் ஒரு நாள் வெர்கா பேச்சைப் பாதியில் நிறுத்தினான். அவன் பேச்சை நிறுத்துவது அபூர்வம் என்பதால் நான் சாந்துக் கரண்டியோடு ஓடினேன். மேற்குச் சுவரில் மயிரிழை அளவுக்கு ஒரு கீறல், முழங்கால் உயரத்திலிருந்து தலைக்கு மேல்வரை.

உள்வேலைகளுக்கு மேலதிகாரி பெர்சென். கெட்ட மனுஷர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். யாருக்காவது காய்ச்சல் என்றால் வீட்டுக்குப் பீரும் அத்திப்பழமும் அனுப்புவார். எங்கள் எல்லோருடைய பெயரும் அவருக்குத் தெரியும். இரண்டே விஷயம். கெட்ட செய்தி என்றால் அவருக்கு ஆகாது. அவருடைய மூக்கு என்றால் அவருக்கு உயிர். நிஜமாகவே அழகான மூக்குதான், நீளமாக, நேராக. அதிகாரிகளுக்கான கல்லறை மேட்டில் தனக்கும் ஓர் இடம் வாங்கிச் சிலை செய்யக் கொடுத்திருந்தார். மூக்குச் சரியில்லை என்று சிற்பியை மூன்று தடவை திருப்பி அனுப்பினார்.

வெர்கா அவரிடம் போய்ச் சொன்னான்.

“ஐயா, மேக்குச் சுவத்துல கீறல் விட்டிருக்கு.”

“எம்புட்டு?”

“மயிரிழை.”

“பூசிடு.”

பூசினோம். ஒரு மாதத்தில் அதே இடத்தில் மறுபடி விட்டது, இந்தத் தடவை வைக்கோல் தடிமனுக்கு. போய்ச் சொன்னோம். பூசச் சொன்னார். அடுத்த முறை விரல் நுழைந்தது. பூசச் சொன்னார். ஒரு நாள் எங்கள் கண்ணெதிரே ஒரு பல்லி கீழே விரிசலுக்குள் புகுந்து ஓர் ஆள் உயரத்துக்கு மேலே வெளியே வந்தது. வெர்கா அதையும் போய்ச் சொன்னான். பெர்சென் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, பூசும்போது பல்லி உள்ளே இல்லையே என்று பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

அதன்பிறகு சத்தம் ஆரம்பித்தது. ஊற வைத்த மர ஆப்பு கல்லைப் பிளக்கும்போது வருமே, ‘டக்’ என்று, அந்த மாதிரி. நாளைக்கு ஒன்று, பிறகு இரண்டு. ஒவ்வொரு சத்தத்துக்கும் நான் வெளிவாசலுக்குப் பாதி வழி வந்துவிடுவேன். பெர்சென் எங்களைச் சமாதானப்படுத்தினார். மனுஷனுக்கே புது ரொட்டி தின்றால் வயிறு சத்தம் போடும், இவ்வளவு பெரிய புது வீடு சத்தம் போடக்கூடாதா என்று கேட்டார்.

அவர் பயப்பட்டதற்கும் காரணம் உண்டு. மொத்த வேலைக்கும் தலைவர் ஓர் இளவரசர், மன்னருடைய ரத்தம். முந்தின வருடம் ஒரு மேலதிகாரி அவரிடம் போய், ஆற்றைக் கடந்து வருகிற வெள்ளைக்கல்லில் பாதி மட்டமான கல் என்று சொன்னார். சொன்னது உண்மை. இளவரசர் நன்றி சொல்லிவிட்டு அவரைப் பாலைவனத்துப் பச்சைக்கல் சுரங்கத்துக்கு மாற்றிவிட்டார். அங்கே தண்ணீர் கழுதைமேல் வரும், கழுதை நினைத்தால் வரும். பெர்சென் அந்த மனுஷரை வழியனுப்பப் போனவர்.

வெர்கா ஒரு யோசனை செய்தான். விரிசலின் குறுக்கே உள்ளங்கை அகலத்துக்கு மெல்லிய பூச்சுப் பட்டை ஒன்று போடுவோம். சுவர் அசையாமல் இருந்தால் பட்டை அப்படியே இருக்கும். அசைந்தால் பட்டை விட்டுப்போகும். அதை அவர் கண்ணால் பார்க்கட்டும். பட்டை போட்டு, வெறுமனே இருக்க வேண்டாமென்று அதில் ஒரு வாத்தும் போட்டான். பத்து நாளில் வாத்தின் கழுத்து அறுந்தது. பெர்செனைக் கூட்டிவந்து காட்டினோம். காய்ந்தால் சாந்து வெடிக்கத்தான் செய்யும், தண்ணீர் அளவாகச் சேர்க்க வேண்டும் என்று என்னைத் திட்டிவிட்டு, வாத்தின் கால் சரியாக அமையவில்லை என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

வெர்காவுக்கு முதலாவது பற்றிக் கவலையில்லை. கால் சரியில்லை என்றதுதான் சுட்டுவிட்டது.

மறுநாள் நான் சாந்து குழைத்துக்கொண்டு வருவதற்குள் அவன் பெரிதாகவே ஒரு பட்டை போட்டு முடித்திருந்தான், கதவு அகலத்துக்கு, விரிசலின் நட்டநடுவில். அதில் பெர்சென் உட்கார்ந்திருந்தார். கையில் கோல், தோளில் சிறுத்தைத் தோல், பக்கவாட்டு முகம், அந்த மூக்கு. கேலி துளியும் கிடையாது. அத்தனை வருடத்தில் அவன் ஒரு மனுஷனை மனுஷனாகப் போட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

நான் கரணையை எடுத்தேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

“அழிச்சே, அப்புறம் நீதான்டா பூசணும், நான் குழைப்பேன்.”

“ராசா படுக்கப் போற அறைடா இது. அவர் படமே இன்னும் வரல. மேஸ்திரிக்குத் தெரிஞ்சா தோலை உரிச்சிருவாங்க.”

“தெரியட்டும்னுதானே போட்டிருக்கேன்.”

பெர்சென் வந்தார். விளக்கைத் தூக்கிப் பிடித்தார். கத்தப்போகிறார் என்று நான் சுவரோடு ஒட்டி நின்றேன். அவர் கத்தவில்லை. விளக்கை இந்தப் பக்கம் கொண்டுபோனார், அந்தப் பக்கம் கொண்டுபோனார். மூக்கிடம் வந்ததும் விளக்கு அங்கேயே நின்றது. ரொம்ப நேரம் கழித்து, இது இங்கே இருக்கக்கூடாதுதான், கடைசிப் பூச்சு வருகிறவரை இருந்துவிட்டுப் போகட்டும் என்றார். மறுநாள் சிற்பியைக் கூட்டிவந்து, பார், படிக்காதவன் போட்டிருக்கிறான் என்று காட்டினார். அதற்கு மறுநாள் மனைவியைக் கூட்டிவந்தார். அந்தம்மாள் குனிந்து இறங்கி முட்டியைப் பிடித்துக்கொண்டு படத்தைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், “இதுல கொஞ்சம் மெலிஞ்சு தெரியிறீங்க” என்றாள். அதுவும் அவருக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. தினமும் காலையில் ‘வேலை எப்படிப் போகுது’ என்று கேட்டுக்கொண்டே உள்ளே வருவார். வேலையைப் பார்க்க மாட்டார்.

பதினெட்டாம் நாள் நெற்றியில் கீறல் விழுந்தது. பத்தொன்பதாம் நாள் அது புருவத்தைத் தாண்டி மூக்கின் நடுவே இறங்கி, மேல் உதட்டில் வந்து நின்றது.

நம் ஊரில் ஒருவர் உருவம் என்பது விளையாட்டில்லை. உருவம் இருக்கிற இடத்தில் ஆள் இருக்கிறார். கல்லறைச் சிலையில் கை உடைந்தால் செத்தவருக்கு அந்த உலகத்தில் கை இருக்காது. இது பெர்செனுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். வெர்கா தெரிந்தேதான் போட்டான் என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது.

பெர்சென் படத்துக்கு முன்னால் நின்று மெதுவாகத் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“இது எப்பத்திலேர்ந்து இப்படி இருக்கு?”

“சுவரா ஐயா, மூக்கா?”

“மூக்கு.”

“நேத்து நெத்தியில இருந்துச்சு. இன்னைக்கு மூக்குக்கு வந்திருக்கு.”

“பூசிடு” என்றார்.

பூசினோம். நான்கு நாளில் மறுபடி விட்டது, இந்தத் தடவை உதட்டையும் பிளந்துகொண்டு மார்புவரை. அன்றைக்கென்று பார்த்து உள்ளே கல்தூசி அதிகம். பெர்சென் நான்கு தும்மல் தும்மினார், மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. அவ்வளவுதான். மனுஷர் பேயறைந்தது போல ஆகிவிட்டார். வைத்தியர் தேனும் பஞ்சும் வைத்துக் கட்டினார். பூசாரி ஒரு தாயத்துக் கொடுத்தார். மனைவி இரண்டையும் பார்த்துவிட்டு, சுவரைச் சரிசெய்யாமல் மூக்குக்குக் கட்டுப் போட்டு என்ன ஆகப்போகிறது என்று கேட்டாளாம். இதை அவரே எங்களிடம் சொன்னார். மூக்கில் கட்டோடு வந்து என்னுடைய சாந்துத் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தார். மேலதிகாரி அதில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

“வெர்கா, என் மூஞ்சி பிளக்காம இருக்கணும்னா என்ன செய்யணும்?”

“சுவர் நகரக்கூடாதுங்க.”

“சுவர் நகராம இருக்கணும்னா?”

“மேல ஏத்துற பாரம் குறையணும். இந்தச் செங்குத்துலயே உச்சிவரைக்கும் கொண்டுபோனா, அடியில இருக்கிற மண்ணு தாங்காது. சாய்வைக் குறைச்சாக் கல்லு குறையும்.”

“பாதிக்கு மேல கட்டியாச்சேப்பா. இனிமே சாய்வைக் குறைச்சா ஒடிச்சு வச்ச மாதிரியில்ல நிக்கும்?”

“நிக்கும்ல, ஐயா.”

சுவர் ஒரு ‘டக்’ போட்டது. மூன்று பேரும் மேலே பார்த்தோம்.

“இதை இளவரசர்கிட்ட யாரு போய்ச் சொல்றது?” என்றார்.

நானும் வெர்காவும் தரையைப் பார்த்தோம். அவரும் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார். பிறகு எழுந்து, பச்சைக்கல் சுரங்கத்தில் இருப்பவனுக்காவது மூக்கு ஒழுங்காக இருக்கிறது என்று முனகிக்கொண்டே வெளியே போனார். அவரை அன்றைக்கு நான் மதித்தேன். பயத்தோடு போகிறவன்தானே தைரியசாலி.

ஐந்தாம் நாள் இளவரசர் வந்தார். பெர்சென் முன்யோசனைக்காரர். பார்த்து முடித்ததும் கோபம் வருமுன் சாப்பாட்டில் உட்கார வைத்துவிட வேண்டுமென்று, வெளியே பந்தல் போட்டு இரண்டு கொழுத்த வாத்துகளைச் சுடச் சொல்லியிருந்தார். நுபெட்தான் சுட்டாள். உள்ளே நாங்கள் இருவரும் ஆளுக்கொரு விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

இளவரசருக்கு நாற்பது வயதிருக்கும். கெட்டியான ஆள், பேச்சுக் குறைவு. அறைக்குள் நிமிர்ந்ததும் அவர் கண்ணில் பட்டது நட்டநடுவே பிளந்து கிடந்த பெர்சென். பார்த்தார். பக்கத்தில் மூக்கில் கட்டோடு நின்ற பெர்செனைப் பார்த்தார். சிரித்துவிட்டார். அந்த அறையில் சிரிப்பு சுற்றிச் சுற்றி வந்தது. பெர்சென் விஷயத்தைச் சொன்னார், மயிரிழையில் ஆரம்பித்துப் பல்லிவரை. இளவரசருக்கு நம்பிக்கையில்லை. மேல்பூச்சு வெடித்ததற்கு இவ்வளவா என்று சொல்லிக்கொண்டே, எவ்வளவு ஆழம் என்று பார்க்க விரிசலுக்குள் விரலை விட்டார். விரல் போனது. கையை விட்டார். கையும் போனது, மணிக்கட்டைத் தாண்டியும் போனது. முகத்தில் சிரிப்புக் குறைந்தது. உள்ளேயிருந்து காற்று வருகிறதே என்றார்.

பிறகு கையை எடுக்கப் பார்த்தார், வரவில்லை. தங்கமும் சிவப்புக்கல்லும் பதித்த பட்டையான காப்பு உள்ளே ஏதோ கல்முனையில் மாட்டிக்கொண்டது.

இழுத்தார். திருகினார். பெர்சென் அவர் முழங்கையைப் பிடித்து இழுக்கப் போய், மன்னர் ரத்தத்தைத் தொடலாமா என்ற ஞாபகம் வந்து விட்டுவிட்டார். அந்தச் சமயம் பார்த்துச் சுவர் ‘டக்’ என்றது. அதுவரை கேட்டதிலேயே பெரிய சத்தம். மேலிருந்து பொடி உதிர்ந்து இளவரசரின் தலையில் விழுந்தது. அவர் எங்களைப் பார்த்த பார்வையில் இளவரசரே இல்லை, கை மாட்டிக்கொண்ட ஒரு மனுஷன்தான் இருந்தான்.

வெர்கா விளக்கை என்னிடம் கொடுத்துவிட்டு அந்தக் குறுகிய வழியில் நாலு காலில் ஏறி ஓடினான். வாத்துக்குக் கீழே ஒழுகிக்கொண்டிருந்த கொழுப்பை ஒரு சட்டியோடு எடுத்துக்கொண்டு திரும்பினான். பின்னாலேயே நுபெட், சட்டியைக் கொடுடா என்று கத்திக்கொண்டு. கொழுப்புப் போன கோபத்தில் உள்ளே நிற்பது யார் என்பது அவளுக்கு மறந்துவிட்டது. பார்த்ததும் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டாள், ஆனால் போகவில்லை. வெர்கா இளவரசரின் முழங்கையிலிருந்து கொழுப்பை வழியவிட்டான்.

“கையை விறைப்பா வைக்காதீங்க சாமி. ரொட்டி மாவு மாதிரித் தளர விடுங்க. எங்க மாமன் ஒருத்தர் இப்படித்தான் மீன்கூடைக்குள்ள கைய விட்டுட்டு...”

அந்த நேரத்திலும் கதை. ஆனால் மீன்கூடைக்குள் ஏற்கெனவே வேறொருவருடைய கை இருந்தது என்கிற இடத்துக்கு அவன் வந்தபோது இளவரசருக்குக் கவனம் கையைவிட்டுக் கதைக்குப் போனது, கை தளர்ந்தது, வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. காப்பு உள்ளேயே நின்றுவிட்டது. இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. எடுக்க யாரும் போகவில்லை.

இளவரசர் கொழுப்பு வழியும் கையை முன்னால் நீட்டிக்கொண்டு நின்றார்.

“இதை முதல்ல பாத்தது யாரு?”

பெர்சென் ஒரு கணம் யோசித்தார். சுரங்கம் அவர் கண்முன்னே வந்திருக்க வேண்டும். “இவன்தாங்க” என்று வெர்காவைக் காட்டினார்.

“அப்ப இவன் இனி சுவரைக் கேக்கட்டும். வேற வேலை வேண்டாம்.” பெர்செனிடம் திரும்பி, “நீ சாப்பாடு சொல்லியிருக்கியாமே” என்றார்.

அவ்வளவுதான் தண்டனையும் வெகுமதியும். பெர்செனுக்கு, தன்னைக் காட்டியிருக்கலாமோ என்ற வருத்தம் அன்று முழுக்க முகத்தில் இருந்தது.

பத்து நாளைக்குள் கல் ஏற்றுவது நின்றது. கடல்தாண்டி வந்த தேவதாரு மரங்களைக் கொண்டுவந்து உள்ளறையில் சுவருக்குச் சுவர் முட்டுக்கொடுத்தார்கள். மேலே மிச்சமிருந்த பாகத்தைத் தணிந்த சாய்வில் கட்டி முடித்தார்கள். பெர்சென் பயந்த மாதிரியே ஆனது. பாதிவரை விறைப்பாகப் போய்ப் பிறகு தோள் தொங்கிவிட்ட பிரமிடு. வேலையாட்கள் குடியிருப்பில் அதற்கு எத்தனையோ பெயர். மாமியார் வந்ததும் குறுகிப்போன மருமகன் என்று ஒரு பெயர் நுபெட் வைத்தது. ஆனால் நின்றது, ஐயா. இன்றைக்கும் நிற்கிறது. மன்னர் அதைப் பார்த்துவிட்டு என்ன சொன்னார் என்று எங்கள் காதுக்கு வரவில்லை. வடக்கே இன்னொரு பிரமிடு ஆரம்பிக்கச் சொன்னார், அடியிலிருந்தே தணிந்த சாய்வில் என்பது மட்டும் வந்தது.

வெர்காவுக்குக் கிடைத்த பதவியைச் சொல்ல வேண்டும். ‘மன்னர் வீட்டுச் சுவர்களைக் கேட்பவர்.’ எழுத்தர் ஒருவர் நாணல் தாளில் எழுதிக் கொடுத்தார். ரொட்டியும் பீரும் இரண்டு மடங்கு. வேலை, காலையிலிருந்து மாலைவரை உள்ளறையில் ஒற்றையாக உட்கார்ந்து சத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருப்பது. பேசக்கூடாது, பேசினால் சத்தம் கேட்காதே. கூட யாரும் இருக்கக்கூடாது, இருந்தால் பேசுவான்.

ஒரு வருடம் தாங்கினான். வீட்டுக்கு வந்தாலும் வாய் திறப்பதில்லை. தலையைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். பீர் ஜாடிமேல் காதை வைத்துப் பார்ப்பான். தூக்கத்தில் பேசுவதும் நின்றுபோனது. அதுதான் நுபெட்டுக்குத் தாங்கவில்லை. ஒரு நாள் பெர்செனுடைய வீட்டு வாசலுக்கே போய் நின்றுவிட்டாள்.

“இரண்டு மடங்கு ரொட்டிய நீங்களே வச்சுக்குங்க ஐயா. நான் கட்டிக்கிட்டது வாயாடிய. நீங்க திருப்பித் தந்திருக்கிறது தூண.”

பெர்செனுக்குச் சிரிப்பு வந்தது, இரக்கமும் வந்தது. தன் வேலையும் ஞாபகம் வந்தது. கல்லறை மேட்டில் அவருடைய கட்டடம் முடிந்து சுவர் வெறுமையாகக் கிடந்தது. இளவரசரிடம் ஏதோ பேசி வெர்காவை விடுவித்து நேராக அங்கே அழைத்துப்போனார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார், படம் போடுமுன் அடியில் பாறை இருக்கிறதா என்று ஒரு தடவை தோண்டிப் பார்த்துவிட வேண்டும். தோண்டினோம். பாறைதான். இருந்தாலும் பூச்சு முடிகிறவரை தினமும் வந்து அவர் சுவரில் காது வைத்துப் பார்த்தார்.

நாற்பது நாள் வேலை. முதல் இரண்டு நாள் வெர்கா வாய் திறக்கவில்லை. மூன்றாம் நாள் பெர்செனை முழுசாகப் போட்டு முடித்துவிட்டு, கீழ் வரிசையில் படையலுக்கு ரொட்டி சுமக்கிற ஆட்களை ஆரம்பித்தான். அதில் ஒருவனுக்கு என் பெரிய காதைப் போட்டான். இன்னும் பெரிதாக. நான் திட்டினேன். அவன் பதிலுக்கு ஒன்று சொன்னான். அங்கிருந்து பிடித்துக்கொண்டது பேச்சு. சாயங்காலம் அவனை வீட்டில் கொண்டுபோய் விட்டபோது, ஒரு வருடத்துப் பாக்கியை ஒரே நாளில் என் தலையில் கொட்டிவிட்டான் என்று நுபெட்டிடம் முறையிட்டேன். அவள் எனக்கு ஒரு ஜாடி பீர் கொடுத்தாள். விலையும் கேட்கவில்லை, கணக்கும் கேட்கவில்லை.

பிறகு நாங்கள் வடக்குப் பிரமிடில் வேலை பார்த்தோம். பதினோரு வருடம். அந்தச் சுவர் ஒரு தடவைகூட வாய் திறக்கவில்லை. அங்கே சொல்வதற்கு ஒன்றுமில்லை, எல்லாம் ஒழுங்காக நடந்தது. வெர்காவுக்கு இரண்டு பெண்கள் பிறந்தார்கள், இரண்டும் அம்மா மாதிரி. பல்லெல்லாம் ரொட்டியில் கலந்த மணலால் தேய்ந்து, கடைசிக் காலத்தில் அவன் பேசினால் விசில் கலந்து வரும். அதையும் கதைக்குள் பறவைச் சத்தத்துக்கு உபயோகப்படுத்திக்கொண்டான்.

ஓர் அறுவடைக் காலத்தில் காய்ச்சல் வந்து ஏழே நாளில் போய்விட்டான். ஆறாம் நாள் நான் போயிருந்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, தலைக்குமேல் கல்லே வைக்காதே என்றான். வைக்கவில்லை. பாலைவன ஓரத்து மணல்மேட்டில் வெறும் பச்சைச் செங்கல்லில் வளைவு கட்டினோம். பக்கத்தில் அவனுடைய கரணை, ஒரு சட்டியில் செங்காவி, நுபெட் காய்ச்சிய பீர் இரண்டு ஜாடி. அதிகாரி ஒருவரும் வரத் தேவையில்லாத இடம். ஆனாலும் பெர்சென் கோல் ஊன்றிக்கொண்டு அவ்வளவு தூரம் மணலில் நடந்து வந்தார். கிழவராகியிருந்தார். நின்றுவிட்டு, போகும்போது பெண்கள் இருவர் கையிலும் அத்திப்பழம் கொடுத்துவிட்டுப் போனார்.

வாசலை அடைத்ததும் முன்பக்கம் பூச வேண்டும். நான்தான் செய்வது முறை. கையில் கரணையை எடுத்துவிட்டேன், ஆனால் கண்ணில் தண்ணீர் மறைக்கிறது, சுவர் எங்கே, சாந்து எங்கே என்று தெரியவில்லை. இரண்டு தடவை பூசினேன், இரண்டும் என் காலில் விழுந்தது. நுபெட் பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“தள்ளுங்கண்ணே” என்றாள். “எல்லாத்தையும் நீங்க கீழதான் பூசிக்கிட்டிருக்கீங்க.”

பிறகு வெறுங்கையாலேயே அள்ளி அள்ளிப் பூசினாள், ரொட்டி மாவு தட்டுகிற மாதிரி. மேடும் பள்ளமுமாக இருந்தது. நான் அதை அப்படியே விட்டேன். வெயில் ஏறி அது காயும்வரை இருவரும் அங்கேயே உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வந்தோம்.